பிந்தி வரும் வலி

நூறு கிலோ ஏற்றிய ராடைத் தரையிலிருந்து எடுத்து நிமிர்ந்து நிற்கிறவரால் இட்லி மாவுப் பாத்திரத்தை ஒரு கையால் தூக்கி ஃபிரிட்ஜில் வைக்க முடியவில்லை. ஈரத்துணியைப் பிழிய முடியவில்லை. பூட்டில் சாவியைத் திருப்பும்போதும் பைக்கின் ஆக்ஸிலேட்டரை முறுக்கும்போதும் முழங்கையின் வெளிப்பக்கத்தில், விரல் நுனியால் மறைத்துவிடக்கூடிய ஓர் இடத்தில், சுரீர் என்கிறது. எடைப் பயிற்சி செய்கிறவர்களிடம் இதைச் சொன்னால் யாரும் ஆச்சரியப்படுவதில்லை. அவரவர் கையை மடக்கித் தமக்கு வலிக்கிற இடத்தைத் தொட்டுக் காட்டுவார்கள். சிலருக்கு வெளிப்பக்கம், சிலருக்கு உள்பக்கம், மல்லாந்து படுத்து நெற்றிக்கு மேலாக ராடை இறக்கி ஏற்றுகிறவர்களுக்குப் பின்பக்கக் கூர்முனை. மாத்திரை, பெல்ட், ஐஸ் என்று பேச்சு அங்கிருந்து வைத்தியத்துக்குப் போய்விடும். எனக்கு மட்டும் அந்த இடத்தைத் தாண்ட முடியாமல் ஒரு சந்தேகம் வெகுநாளாக உறுத்திக்கொண்டிருக்கிறது. பெரிய சுமைக்கு வாய் திறக்காத ஓர் உறுப்பு சின்னச் சுமைக்குக் கத்துகிறது என்றால், அது எதைப் பற்றித்தான் பேசுகிறது? வலி என்றால் உடம்பு சொல்லும் உண்மை என்று நம்பியே வளர்ந்திருக்கிறோம். சூடு பட்டால் கை பின்வாங்குகிறது, முள் தைத்தால் கால் நிற்கிறது. வலித்த இடமும் அடிபட்ட இடமும் ஒன்று, வலித்த நேரமும் அடிபட்ட நேரமும் ஒன்று. முழங்கையின் இந்த வலியில் இடம், நேரம், அளவு எதுவும் கணக்குக்கு ஒத்துவரவில்லை.

வலி இருப்பது முழங்கையில். வேலை நடந்ததோ மணிக்கட்டில். முன்கையின் மேற்பக்கம் ஓடும் தசைகளில் ஒன்று, முழங்கையின் வெளிப்புற எலும்புக் குமிழில் தொடங்கி, நடுவிரலுக்கு நேரே உள்ள கை எலும்பின் அடியில் போய் முடிகிறது. கையை நீட்டச் சொல்லி நடுவிரலை மட்டும் மருத்துவர் கீழே அமுக்கும்போது முழங்கையில் வலிப்பதற்கு இது ஒரு காரணம். முதல் தடவை இந்தச் சோதனையைச் செய்து பார்க்கிறவர்களுக்கு ஏதோ மாயவித்தை போலிருக்கும். எதையாவது இறுகப் பிடிக்கும்போது, விரல்களை மடக்கும் தசைகள் மணிக்கட்டையும் சேர்த்து உள்ளே மடக்கப் பார்க்கின்றன. மடங்கிய மணிக்கட்டோடு முஷ்டியை இறுக்கிப் பாருங்கள், பிடியில் பலமே இருக்காது. அப்படி மடங்கிவிடாமல் மணிக்கட்டை நிறுத்தி வைப்பது மேற்பக்கத் தசைகளின் பொறுப்பு. தொடையும் முதுகும் எடையைத் தூக்குகின்றன. இந்தச் சிறிய தசை எதையும் தூக்குவதில்லை, பிடித்துக்கொண்டிருக்கிறவனைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. நெஞ்சுக்கு ஒரு நாள், முதுகுக்கு ஒரு நாள், காலுக்கு ஒரு நாள் என்று அட்டவணை போடுகிறோம். எந்த நாளாக இருந்தாலும் ராடையோ டம்பலையோ கை பிடித்தாக வேண்டும். பிடிக்கு மட்டும் ஓய்வு நாள் எழுதிய அட்டவணையை நான் பார்த்ததில்லை.

இதை யோசிக்கும்போது தென்மாவட்டக் கிராமங்களில் கோயில் வாசலிலோ சாவடிப் பக்கத்திலோ கிடக்கும் இளவட்டக்கல் நினைவுக்கு வருகிறது. உருண்டையாக, வழவழவென்று, பிடிக்க ஓர் இடுக்குகூட இல்லாமல் செதுக்கிய கல். குந்தி உட்கார்ந்து, அணைத்து, தொடைமேல் உருட்டி, நெஞ்சுக்கு ஏற்றி, தோளுக்குப் பின்னால் தள்ள வேண்டும். அதற்கென்று வேறு காயங்கள் உண்டு. புயத்தசை கிழியும், இடுப்பு பிடித்துக்கொள்ளும், கல் காலில் விழும். ஆனால் அதைத் தூக்கியவர் விரல்களை நம்பித் தூக்கவில்லை, உடம்பு முழுவதையும் கல்லோடு ஒட்டித் தூக்கினார். மூட்டை சுமக்கிறவர்களும் பிடரியையும் முதுகையும்தான் நம்புகிறார்கள், விரல்களுக்குப் பல இடங்களில் கொக்கி துணை இருக்கிறது. ராடு அப்படியில்லை. சர்வதேசப் போட்டிகளில் ஆண்களுக்கானது 20 கிலோ, பிடிக்கும் இடத்தில் 28 மில்லிமீட்டர் தடிமன். பெண்களுக்கானது 15 கிலோ, 25 மில்லிமீட்டர். கைக்கு அடக்கமாக, வழுக்காதபடி சொரசொரப்பாகக் கொத்திவிட்ட எஃகு. எவ்வளவு எடையையும் இரண்டு முஷ்டிக்குள் கொண்டுவந்துவிடலாம் என்கிற தைரியத்தை அந்த வசதி கொடுக்கிறது. பிடிக்கத் தோதாக இருக்கிற ஒரே காரணத்தால், பிடித்துக்கொண்டே இருக்கிறோம். பழைய கல்லே மேல், புதிய ராடு கேடு என்று இதிலிருந்து முடிவு கட்டுவது அபத்தம். இளவட்டக்கல்லைத் தூக்கியவர்கள் வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு இருபது செட் என்று தூக்கவில்லை.

நேரம் இன்னும் பெரிய குழப்பம். முதல் செட்டில் வலிக்கும். அடுத்ததில் மங்கும். உடம்பு நன்றாகச் சூடேறிய பிறகு வலி இருந்ததே மறந்துபோகும். ‘சூடானா சரியாயிடும் தம்பி’ என்று மாஸ்டர் சொன்னது பலித்துவிடும், அவர்மேல் மரியாதை கூடும். மறுநாள் காலை பல்துலக்கப் பிரஷ்ஷைப் பிடிக்கும்போதுதான் நேற்று நடந்தது தெரியவரும். தசையை எலும்போடு கட்டிவைக்கும் நாண்களில் வரும் வலியின் குணமே இதுதான். வேலை செய்யச் செய்ய அடங்கி, வேலை முடிந்து பல மணி நேரம் கழித்து எழுந்துகொள்ளும். அந்த இடைவெளியில் நாம் இரண்டு செட் கூடுதலாகப் போட்டிருப்போம், ராடில் இரண்டரை கிலோத் தட்டு இரண்டைச் சேர்த்திருப்போம். ஜிம் சுவரில் பெரிய எழுத்தில், வலியில்லாமல் வளர்ச்சியில்லை என்று ஆங்கிலத்தில் எழுதியிருப்பார்கள். அந்த வாசகத்தை எழுதியவர் மனதில் இருந்தது வேறு வலி, தசையில் இரண்டு நாள் தங்கி, படியிறங்கும்போது முனகவைத்து, தானாகப் போய்விடுகிற வலி. எடை தூக்குகிறவர்களுக்கு அது பிடிக்கும். தொடையை அமுக்கிப் பார்த்து ‘நல்லா ஏறியிருக்கு’ என்று திருப்திப்படுவார்கள், வலிக்கவில்லை என்றால் பயிற்சி சரியில்லையோ என்று கவலைப்படுவார்கள். வலியை வரவேற்கப் பழகிய ஒருவரிடம் இன்னொரு வலி வந்து நின்றால், இது வேறு என்று அவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? இரண்டும் மறுநாள்தான் வருகின்றன. இரண்டையும் தொட்டால் வலிக்கிறது. வித்தியாசம் தெரிய சில வாரங்கள் ஆகும், அது வேலை நடந்து முடிந்த சில வாரங்கள்.

அடிபட்ட நாள் என்று ஒன்று இல்லாததும் சேர்ந்துகொள்கிறது. வீட்டில் கேட்கும் முதல் கேள்வி, ‘எங்க இடிச்சுக்கிட்ட?’ எங்கும் இடிக்கவில்லை, விழவில்லை, ‘டக்’ என்று சத்தம் கேட்கவில்லை. என்றைக்குத் தொடங்கியது என்று யோசித்தால் போன மாதம், இல்லை அதற்கும் முன்னால், தீபாவளிக்கு மூட்டை முடிச்சோடு பஸ் ஏறியபோதே லேசாக இருந்ததோ என்று தேதி பின்னால் நழுவிக்கொண்டே போகும். சம்பவம் இல்லாத வலியை நம்புவது யாருக்கும் கஷ்டம். நம் பாட்டிகளின் வைத்தியம் சுளுக்கில் தொடங்குகிறது. நரம்பு எங்கோ பிசகிவிட்டது, எண்ணெய் போட்டுக் கீழ்நோக்கி வழித்தால் தன் இடத்துக்குப் போய்விடும். இரட்டைப் பிள்ளை பெற்றவள் வழித்துவிட்டால் உடனே போகும் என்பார்கள். இடம் மாறிய ஒன்று இடத்துக்குத் திரும்பும் என்கிற அந்த நம்பிக்கையில் பெரிய ஆறுதல் இருக்கிறது. இங்கே எதுவும் இடம் மாறவில்லை என்பதால் அதற்கு வேலை இல்லை. ஆனாலும் சூடான எண்ணெயும் இன்னொருவர் கையும் படும்போது அன்றிரவு தூக்கம் வருவது உண்மை, அதை மறுக்க நான் தயாரில்லை.

மருத்துவ ஏட்டில் இந்த வலி நுழைந்த கதையும் வேடிக்கையானது. 1873இல் ரூங்கே என்கிற ஜெர்மானிய மருத்துவர் இதைப் பதிவு செய்தார். கட்டுரையின் பொருள், எழுதுகிறவர்களுக்கு வரும் கைப்பிடிப்பு. மட்டையும் இல்லை, எடையும் இல்லை, பேனா. லான் டென்னிஸுக்கு வால்டர் விங்ஃபீல்ட் இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கியது அதற்கடுத்த வருடம், 1874. 1882இல் ஹென்றி மாரிஸ் என்பவர் ‘லான்செட்’ இதழில் லான் டென்னிஸ் கை என்று எழுதியதிலிருந்து வலி டென்னிஸ்காரர்களின் சொத்தாகிவிட்டது. இன்று டென்னிஸின் பெயரோடு இந்த வலியை மருந்துச் சீட்டில் பார்க்கிறவர்களில் பெரும்பாலோர் டென்னிஸ் மட்டையைத் தொட்டிருக்கவே மாட்டார்கள். பேனாவிலிருந்து எஃகு ராடு வரை எடை ஆயிரம் மடங்குக்கு மேல் கூடியிருக்கிறது, வலி அதே விரல்நுனி அளவு இடத்தில் அப்படியே இருக்கிறது. இது ஒன்றே போதும், வலியின் அளவுக்கும் சுமையின் அளவுக்கும் நேரடி உறவு இல்லை என்று சொல்ல.

நெடுங்காலம் அந்த இடத்தில் அழற்சி இருப்பதாகவே நினைத்தார்கள். அமெரிக்க எலும்பு அறுவை மருத்துவர் ராபர்ட் நிர்ஷ்ல் 1979இல், தான் வெட்டி எடுத்த திசுக்களை நுண்ணோக்கியில் பார்த்து எழுதியது வேறு. அழற்சிக்கு உரிய செல்கள் அங்கே இல்லை. ஒழுங்காக அடுக்கியிருக்க வேண்டிய கொலாஜன் இழைகள் கலைந்து கிடந்தன, இருக்கக் கூடாத இடத்தில் முதிராத குட்டிக் குட்டி ரத்தக் குழாய்கள் முளைத்திருந்தன. ஆறத் தொடங்கி, ஆறும் வழியை மறந்துவிட்ட திசு. ஆனால் அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு ஊசி அதற்குப் பிறகும் முழங்கைகளில் ஏறிக்கொண்டுதான் இருந்தது, ஏனென்றால் அது வேலை செய்தது. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் 198 பேரை வைத்துச் செய்து 2006இல் வெளியான ஆய்வு, ஊசி, பிசியோதெரபி, சும்மா இருப்பது மூன்றையும் ஒப்பிட்டது. 6 வாரத்தில் ஊசி போட்டவர்கள் மற்ற எல்லோரையும்விட நன்றாக இருந்தார்கள். 52 வாரத்தில் பார்த்தபோது ஒன்றும் செய்யாமல் இருந்தவர்களைவிட மோசமாக இருந்தார்கள்; ஊசி போட்டுக்கொண்டவர்களில் பத்துக்கு ஏழு பேருக்கு வலி திரும்பியிருந்தது. பொய் சொல்கிற சாட்சியை வாயடைக்கச் செய்தால் உண்மை வெளிவந்துவிடும் என்று யாரும் நினைத்திருந்தால் அவர்களுக்கு இது பதில். ஸ்கேன் வேறு திசையில் குழப்புகிறது. வலியே இல்லாதவர்கள் முழங்கையிலும் நாண் தடித்தும் கிழிந்தும் தென்படுவது உண்டு. படத்தில் கிழிசலைப் பார்த்த பிறகு, ‘இதுதான் காரணம்’ என்று மனம் ஒட்டிக்கொள்கிறது. அதே கிழிசலோடு யாரோ ஒருவர் எந்தக் குறையுமில்லாமல் சாக்கு மூட்டை இறக்கிக்கொண்டிருக்கலாம் என்பதை அந்த நேரத்தில் யாரும் சொல்வதில்லை.

நாணுக்கு ஏன் இவ்வளவு மந்தம்? தேங்காய் நார்க் கயிற்றைப் போல இழைக்குள் இழையாக முறுக்கிய கொலாஜன், ரத்த ஓட்டம் சொற்பம், செல்கள் அங்கொன்றும் இங்கொன்றும். டென்மார்க் ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட ஒரு கண்டுபிடிப்பைப் படித்ததிலிருந்து, எனக்குத் தசையையும் நாணையும் ஒரே உடம்பின் உறுப்புகளாக நினைப்பது சிரமமாகிவிட்டது. 1950களின் நடுவிலிருந்து 1963 வரை திறந்தவெளியில் வெடித்த அணுகுண்டுகளால் காற்றில் கார்பன்-14 ஏறத்தாழ இரட்டிப்பானது, அத்தகைய சோதனைகளைத் தடை செய்த ஒப்பந்தத்துக்குப் பிறகு மெல்ல இறங்கியது. அந்தக் காலத்தில் வளர்ந்த பிள்ளைகள் சாப்பிட்ட சோற்றின் வழியாக அது உடம்பில் சேர்ந்தது. ஆய்வாளர்கள் அவர்களுடைய குதிகால் நாணின் உட்பகுதியை அளந்தபோது, பதினேழு வயது வாக்கில் இருந்த காற்றின் கணக்கு அங்கே அப்படியே இருந்தது. பக்கத்துத் தசையில் அந்தத் தடயம் இல்லை, அது தன்னைப் புதுப்பித்துக்கொண்டே வந்திருக்கிறது. குதிகாலில் கண்டதை முழங்கைக்கு அப்படியே எழுதிவிடக் கூடாது. என்றாலும் நாற்பது வயதில் ஜிம்மில் சேர்ந்து மூன்றே மாதத்தில் புயம் திரண்டு, சட்டைக் கை இறுகி, கண்ணாடியில் திரும்பித் திரும்பிப் பார்க்கிறவருடைய கையில், பள்ளிக்கூடம் போனபோது முறுக்கிய இழைகள் பழையபடியே கிடக்கலாம். தசை வாரக் கணக்கில் பலம் ஏறுகிறது. நாண் மாதக் கணக்கில்கூட யோசிக்கிறது. எடையைக் கூட்டும் முடிவை எடுப்பவர் தசையை மட்டும் கேட்டு எடுக்கிறார், ஏனென்றால் அந்த நேரத்தில் பதில் சொல்வது அது ஒன்றுதான். முப்பத்தைந்திலிருந்து ஐம்பத்தைந்துக்குள் இந்த வலி அதிகம் வருவதில் எனக்கு ஆச்சரியமில்லை. பலத்தைத் திரும்ப வாங்கிவிடலாம் என்று நம்பத் தொடங்குகிற வயதும் அதுதான்.

நம் நாட்டில் முழங்கையின் உடற்கூறியலைச் செய்தித்தாள் வழியாகப் படிக்க வைத்தவர் சச்சின் டெண்டுல்கர். கனமான மட்டை அவருடையது என்பது எல்லோருக்கும் தெரியும். 2004இல் இடது முழங்கை வலியால் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான முதல் இரண்டு டெஸ்ட்களில் ஆடவில்லை, 2005 மே மாதம் லண்டனில் அறுவை சிகிச்சை. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஊரே அவர் முழங்கையைப் பற்றிக் கருத்து சொன்ன காலம். இரண்டுக்கும் நடுவில், 2004 டிசம்பரில், டாக்காவில் ஆட்டமிழக்காமல் 248 ரன் எடுத்தார். கடைசிவரை டெஸ்ட் ஆட்டங்களில் அவருடைய அதிகபட்ச ஸ்கோர் அதுவாகவே இருந்தது. அன்று அந்த முழங்கை எப்படி இருந்தது என்று அவருக்குத்தான் தெரியும். ஸ்கோர்கார்டைப் பார்த்து யாரும் கண்டுபிடிக்க முடியாது. அடுத்த மே மாதத்தின் அறுவை சிகிச்சை மேசையிலிருந்து பின்னோக்கிப் பார்த்தால் அந்த ஆட்டம் நடந்திருக்கவே கூடாது. இந்த வரிசையை வீரம் என்று சொல்லிவிடுவது சுலபம், பொறுப்பின்மை என்பதும் சுலபம். நோயின் நடுவே இப்படி ஒரு நாள் வரலாம் என்பதைத் தவிர வேறு எதையும் அதிலிருந்து எடுக்க எனக்குத் துணிவில்லை. எடை தூக்குகிறவர்களுக்கும் அப்படி நாள்கள் வரும். வலி மாதக்கணக்கில் வாட்டும்போது திடீரென்று ஒரு மாலையில் அதுவரை எடுக்காத எடை எழுந்துவரும். அதை நம்பித்தான் பலர் மேலும் கெடுத்துக்கொள்கிறார்கள்.

ஓய்வெடுத்தால் போகும் என்பதும் பாதிதான் சரி. பெரும்பாலோருக்கு ஒரு வருடம், ஒன்றரை வருடத்தில் தானாகவே அடங்கிவிடுகிறது. ஆனால் சும்மா இருந்த நாண் பலமிழக்கிறது. மறுபடி ராடைத் தொட்ட வாரத்திலேயே வலி திரும்புகிறது. அதனால் இப்போது எடையையே மருந்தாகக் கொடுக்கிறார்கள். சின்ன டம்பலைப் பிடித்து மணிக்கட்டை மேலே உயர்த்தி, எண்ணி எண்ணி மெதுவாக இறக்க வேண்டும். அல்லது தடித்த ரப்பர்த் தண்டு ஒன்றை ஒரு கையால் முறுக்கி மற்றக் கையால் மெல்ல விட வேண்டும். இழுப்பு வந்தால்தான் நாணின் செல்களுக்கு வேலை செய்யத் தோன்றுகிறது. மேஜைமேல் முன்கையைப் படுக்க வைத்து ஒரு கிலோவை இறக்கிக்கொண்டிருப்பதில் எந்தப் பெருமையும் இல்லை, கண்ணாடிக்கு முன்னால் அதைச் செய்ய யாருக்கும் மனம் வராது. நூறு கிலோ எடுத்தவர்கள் இதில் பொறுமையிழந்து மூன்றாவது வாரம் நின்றுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். பயிற்சியின்போது கொஞ்சம் வலித்தால் பரவாயில்லை என்பதும் வைத்தியத்தில் அடக்கம். எவ்வளவு கொஞ்சம்? பத்துக்கு மூன்று, நான்கு வரை போகலாம், மறுநாள் காலைக்குள் அடங்கிவிட வேண்டும் என்பார்கள். வலியை நம்பக் கூடாது என்று சொல்லித் தொடங்குகிற வைத்தியம், கடைசியில் வலியிடமே மதிப்பெண் கேட்கிறது. வேறு அளவுகோல் கைவசம் இல்லாததால் அப்படித்தான் கேட்டாக வேண்டியிருக்கிறது. மூன்று என்று சொல்வதா ஐந்து என்று சொல்வதா என்று நோயாளி தயங்குவதை வைத்தியம் பார்க்கிறவர்கள் தினமும் பார்க்கிறார்கள். எடை தூக்குகிறவர்கள் குறைத்துச் சொல்வார்கள், தடை போட்டுவிடுவார்களோ என்கிற பயம்.

ஒரு பிசியோதெரபி அறையில் பக்கத்து நாற்காலியில் டீ மாஸ்டர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். பதினைந்து வருடமாகக் காலையும் மாலையும் கையைத் தலைக்கு மேல் உயர்த்தி டீ ஆற்றுகிறவர். ஜிம்மை வாசலில்கூடப் பார்த்ததில்லை, அவருக்கும் அதே இடம். இடது கைக்கு மாற்றிப் பார்த்தாராம், நுரை சரியாக வரவில்லை என்று வாடிக்கையாளர்கள் முகம் சுளித்தார்களாம். இளம்பெண்ணான பிசியோதெரபிஸ்ட் படிவத்தை எடுத்து, ‘வலிக்குப் பத்துக்கு எவ்வளவு போடலாம்ணா?’ என்று கேட்டார். ‘எந்த நேரத்து வலியக் கேக்குறீங்க மேடம்? கூட்டம் இருக்கறப்ப ஒண்ணும் தெரியாது. கடை சாத்திட்டு பாய்லரக் கழுவுறப்பதான் உயிர் போவுது. காலையில எந்திரிச்சா அது ஒரு மாதிரி.’ ‘இப்போ எவ்வளவுண்ணா?’ அவர் கையை நீட்டி, மடக்கி, திருப்பிப் பார்த்தார். ‘இப்போ ஒண்ணும் இல்லியே மேடம்’ என்றார், ஏதோ தவறாகச் சொல்கிறவரைப் போல. பிசியோதெரபிஸ்ட் கட்டத்தில் பூஜ்யம் என்று எழுதினார். அதற்குக் கீழே சிகிச்சைக் காலம் என்ற இடத்தில் 12 வாரம் என்று எழுதினார்.